மேற்கா, கஅபாவா?

மயிலாப்பூர் கச்சேரி ரோடு பள்ளிவாசலில் நாம் ஸஃப்பு கட்டி நிற்கும்போது நம் முதுகு வங்கக் கடலைப் பார்த்திருக்கிறது. முகம் மேற்கைப் பார்த்திருக்கிறது. அடையாற்றிலும் தியாகராய நகரிலும் அவ்வாறே. தலைமுறை தலைமுறையாக இப்படியே தொழுது வந்ததால், நம் இல்லங்களில் மேற்கு என்றாலே கிப்லா என்று ஆகிவிட்டது. மேற்கே கால் நீட்டிப் படுக்கும் பிள்ளையைப் பெரியவர்கள் கண்டிக்கிறார்கள். கப்ரில் மையித்தின் முகத்தையும் மேற்கே திருப்பி வைக்கிறோம்.

இங்கிருந்து பிழைப்புக்காக ஜித்தா செல்லும் நம் பிள்ளையோ கிழக்கே திரும்பித் தொழுகிறான். ஏனெனில் ஜித்தா நகரம் மக்காவுக்கு மேற்கே, செங்கடல் ஓரத்தில் இருக்கிறது. லண்டனில் வசிப்பவர் தென்கிழக்கை நோக்குகிறார். இவர்கள் கிப்லாவை மாற்றிக்கொண்டார்களா? இல்லை. கஅபா இருந்த இடத்திலேயே இருக்கிறது. நிற்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

ஜித்தாவுக்குப் போன ஒருவர், "என் பாட்டனார் மேற்கே பார்த்துத்தான் தொழுதார், நானும் அப்படியே தொழுவேன்" என்று பிடிவாதம் பிடித்தால் என்னவாகும்? அவர் கஅபாவுக்கே முதுகு காட்டி நிற்பார். பாட்டனாரைப் பின்பற்றியவராகவும் ஆகமாட்டார். பாட்டனார் நாடியது கஅபாவை, மேற்கை அல்ல.

நம் வாழ்க்கையில் மார்க்கம் எது, பழக்கம் எது என்று பிரித்துப் பார்ப்பதற்கு இது நல்லதோர் உதாரணம். அல்லாஹ்வின் கட்டளையை நாம் நிற்கும் இடத்திலிருந்துதான் பார்க்கிறோம். நாளடைவில் கட்டளையும் நம் இடமும் ஒன்றாகத் தெரியத் தொடங்குகின்றன. பிறகு, பழக்கத்தை யாராவது தொட்டால் மார்க்கத்தையே தொட்டுவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது.

கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்த பின் பதினாறு அல்லது பதினேழு மாதங்கள் பைத்துல் முகத்தஸை நோக்கித் தொழுதார்கள். பிறகு கஅபாவை நோக்கித் திரும்புமாறு இறைக்கட்டளை வந்தது. குபாவில் ஸஹாபாக்கள் சுபுஹுத் தொழுகையில் நின்றிருந்தபோது ஒருவர் வந்து இச்செய்தியைச் சொன்னார். தொழுகையிலேயே அவர்கள் அப்படியே திரும்பினார்கள். மதீனாவுக்கு வடக்கே பைத்துல் முகத்தஸ், தெற்கே மக்கா. ஆகவே முன்புறம் முழுவதும் பின்புறமாயிற்று. பழகிய திசையை விட முடியாதவர்களோ, இவர்களைத் திருப்பியது எது என்று கேட்டார்கள். ரஸூலைப் பின்பற்றுபவர் யார், பின்வாங்குபவர் யார் என்பதை வெளிப்படுத்தும் சோதனையாக அந்த மாற்றத்தைத் திருமறை கூறுகிறது (2:142, 143).

நம் ஊரிலும் இத்தகைய சோதனை வந்ததுண்டு. பெண் குழந்தை வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவது நம் சமுதாயத்தில் பல இல்லங்களின் வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்துக்கு மார்க்கத்தின் பெயரும் சூட்டப்பட்டிருந்தது. அக்காலத்தில், 1955இல், உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் தேனாம்பேட்டையில் தென்னிந்தியக் கல்வி அறக்கட்டளையின் பெண்கள் கல்லூரி தோன்றிற்று. மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் இடையே இருக்கும் அக்கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அன்று படிப்பை இழந்த பாட்டியின் பேத்தி இன்று பட்டம் பெற்று வருகிறாள். குடும்பமே மகிழ்கிறது, அல்ஹம்துலில்லாஹ் என்கிறது. இடையில் என்ன மாறிற்று? ஆயத்து மாறவில்லை. இல்மைத் தேடுவது முஸ்லிம் ஒவ்வொருவர் மீதும் கடமை என்ற ஹதீஸ் அன்றும் இருந்தது. ஸஹாபாக்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து மார்க்கச் சட்டம் கேட்டுச் சென்ற வரலாறும் அன்றே இருந்தது. நம் பெரியவர்கள் அவற்றை ஓதாதவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் கண்ணுக்கு அவை தென்படவில்லை. பழக்கம் என்ற திரை அவ்வளவு கனமானது.

அப்படியானால் புதிதாக வருவதையெல்லாம் ஏற்றுக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கூடாது. தொழுகையின் ரக்அத்தை, நோன்பின் மாதத்தை, ஜகாத்தின் அளவை மாற்ற எவருக்கும் உரிமையில்லை. அங்கே மாற்றத்தை எதிர்ப்பதுதான் ஈமான். ஆனால் நாம் எதை எதிர்த்தோம், எதை எதிர்க்காமல் விட்டோம் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

பெண்ணின் படிப்பைப் புதுமை என்று தடுத்த அதே வீடுகளுக்குள் கைக்கூலி என்ற புதுமை எந்தத் தடையுமின்றி நுழைந்தது. மணமகன் மணமகளுக்கு மஹரை மனமுவந்து கொடுக்க வேண்டுமென்பது திருமறையின் கட்டளை (4:4). நாமோ அதைத் தலைகீழாக்கினோம். மஹர் என்று நிக்காஹ் தப்தரில் ஒரு சிறு தொகை. வாய்ப்பேச்சில் இத்தனை சவரன், இவ்வளவு ரொக்கம். தியாகராய நகரிலே உஸ்மான் ரோடு இருக்கிறது. 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக கவர்னராக இருந்த முகம்மது உஸ்மான் அவர்களின் பெயர் கொண்ட தெரு அது. அங்கே வரிசையாக நிற்கும் நகைக்கடைகளில், கடன் வாங்கிய பணத்தோடு படியேறும் தகப்பன்மார் எத்தனை பேர்! 1961இல் நாட்டின் சட்டமே வரதட்சணையைத் தடை செய்தது. மார்க்கமும் அனுமதிக்காத, சட்டமும் அனுமதிக்காத ஒன்றை "ஊர் வழக்கம்" என்று சொல்லிக் காப்பாற்றுகிறோம்.

ஆக, நாம் எல்லா மாற்றங்களையும் எதிர்ப்பவர்கள் அல்லர். நமக்கு இழப்பு வரும் மாற்றத்தை மார்க்கத்தின் பெயரால் எதிர்க்கிறோம். வரவு வரும் மாற்றத்தை வழக்கத்தின் பெயரால் ஏற்கிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது கைக்கூலியை அநியாயம் என்று புலம்புகிறவரே, மகனுக்குப் பெண் பார்க்கும்போது அதை மரியாதை என்கிறார். ஆள் ஒருவர்தான், பணமும் ஒன்றுதான். பெண்ணைப் பெற்ற வீட்டில் கண்ணீராகத் தெரிந்தது, பிள்ளையைப் பெற்ற வீட்டில் சீராகத் தெரிகிறது. அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு அப்படித்தான் தெரிகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இந்த நோய்க்கு மருந்தும் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதுதான். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவரின் ஈமான் நிறைவு பெறாது என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் அறிவோம். அதைப் பிறருக்கு உபதேசிப்பதோடு நிறுத்திவிடுகிறோம். உண்மையில் அது நாம் நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லும் கட்டளை. எதிரே அமர்ந்திருக்கும் பெண் வீட்டாரின் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்தால், அதுவரை தெரியாதது தெரியும்.

பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் வீட்டில் நடக்கவிருக்கும் அடுத்த நிக்காஹின் பேச்சுவார்த்தைக்கு உட்காரும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நாம் கேட்கப்போவது அல்லாஹ் சொன்னதா, பக்கத்து வீட்டார் வாங்கியதா? நாம் நோக்குவது கஅபாவையா, வெறும் மேற்கையா? விடை தெரிந்துவிட்டால், குபாவாசிகளைப் போல அந்த நிமிடமே திரும்பிவிடுங்கள். தொழுகை முடியட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. முதல் பிள்ளைக்கு வாங்கிவிட்டோம், அடுத்த பிள்ளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாமும் காத்திருக்க வேண்டாம்.

வல்ல நாயன் சத்தியத்தைச் சத்தியமாகவே நமக்குக் காட்டி, அதன்பால் திரும்பும் துணிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.