பூட்டிய கதவும் முதற் சீலமும்

1991 ஆம் ஆண்டு செப்டம்பர் 3 அன்று, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஹாம்லெட் நகரில் கோழியிறைச்சி பதஞ்செய்யும் தொழிற்சாலையொன்று தீப்பற்றியது. ஹைட்ராலிக் குழாய் கழன்று பீறிட்ட எண்ணெய், பொரிகலனின் நெருப்பிற் பட்டதே காரணம். மாண்டோர் 25 பேர். பெரும்பாலோர் புகையால் மாண்டனர். வெளிக்கதவுகள் பூட்டியிருந்தன. தொழிலாளர் கோழி திருடுவர் என்னும் ஐயம் அப்பூட்டுக்குக் காரணமாகக் கூறப்பட்டது. பதினோராண்டுகளில் மாநிலப் பாதுகாப்பு அதிகாரிகள் அவ்வாலையை ஒருமுறையேனும் சோதித்ததில்லை.

நாம் நாள்தோறும் ஏற்கும் முதற் சீலத்தை அம்முதலாளி மீறினாரா? எண்ணத்தையே வினையெனக் கொள்வது நம் தம்மம். கொல்லும் எண்ணம் அவருக்கில்லையே என்பர் நம்மவருட் சிலர். இவ்வாதம் நமக்குப் பாதியே சரியெனப் படுகிறது. கொல்ல எண்ணாதவர் பூட்ட எண்ணினார். உள்ளே மக்கள் இருப்பதை அறிந்தே பூட்டச் சொன்னார். இரண்டாம் சீலத்துக்குக் காவல் வைக்கப்போய் முதற் சீலத்தைத் தீக்கு விட்டார். நீதிமன்றமும் இதனைக் கொல்லும் நோக்கமற்ற உயிர்க்குற்றமாகவே கொண்டு 19 ஆண்டு 11 மாதச் சிறை விதித்தது. ஐந்தாண்டு முடியுமுன் அவர் வெளிவந்தார்.

வலிமைக்கேற்ற வேலை தருதல், நோயிற் பேணுதல் ஆகியவற்றை எசமானர் கடமையாக்குகிறது சிகாலோவாத சூத்திரம். கதவைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அக்காலப் பட்டறைக்குக் கதவே இருந்ததோ என்னவோ! நம்முள்ளும் சிலர் உணவகமும் சிறு பட்டறையும் நடத்துகின்றனர். இரவு வேலையின்போது பின்கதவுச் சாவி எவரிடம் இருக்கிறது என்று அவர்களைக் கேட்கிறோம்.