முகம் தெரியாத பகை

புறநானூற்றில் நெட்டிமையார் பாடிய ஒரு பாட்டு உண்டு. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி போர் தொடங்குமுன், "பசுக்களும் பார்ப்பனரும் பெண்களும் நோயாளிகளும் பிள்ளைப்பேறு இல்லாதவர்களும் காவலான இடம் தேடிக் கொள்ளுங்கள், அம்பு விடப் போகிறோம்" என்று முன்கூட்டியே அறிவிப்பானாம். படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் 'அக்காலத்துப் போர் அறப்போர், இக்காலத்துப் போர் மறப்போர்' என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அதே புலவர் அதே மன்னனைப் பாடிய வேறொரு பாட்டும் அந்த நூலிலேயே இருக்கிறது. பகைவர் தெருக்களில் கழுதை பூட்டி உழுததையும், விளைந்த வயலில் தேரோட்டியதையும், காவல் மிகுந்த குளங்களில் யானைகளைப் படிய விட்டதையும் அதில் புகழ்கிறார். வயல் அழிந்தால் பட்டினி கிடப்பவர் யார்? முன்பு ஒதுங்கிக் கொள்ளச் சொன்னார்களே, அந்தப் பெண்களும் நோயாளிகளும் தாம்!

ஆகவே மனிதன் கெட்டுப் போனான் என்பதல்ல என் வருத்தம். கொல்பவனுக்கும் சாகிறவனுக்கும் நடுவே உள்ள தூரம்தான் மாறிவிட்டது.

பலூனிலிருந்து குண்டெறிவதை 1899இல் ஹேக் நகர மாநாடு ஐந்தாண்டுக் காலத்துக்குத் தடை செய்தது. 1911இலேயே லிபியாவில் ஓர் இத்தாலிய விமானி கையாலேயே குண்டுகளை எறிந்தான். 1945 ஆகஸ்டு 6ஆம் தேதி ஹிரோஷிமாவின் மீது 9,000 மீட்டருக்கும் மேலிருந்து ஒரே ஒரு குண்டு விழுந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அந்த உயரத்திலிருந்து ஊர் தெரியும். ஒரு முகம்கூடத் தெரியாது.

பிறகு ஆளில்லா விமானம் வந்தது. அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் நாற்காலியில் அமர்ந்தபடி ஆப்கானிஸ்தானத்தின் மேல் அதைச் செலுத்தினார்கள். தான் கொல்லப் போகிறவனை, அவன் வீட்டு வாசலை, அங்கே விளையாடும் குழந்தைகளை நாள் கணக்கில் திரையில் பார்க்க முடியும். வேலை நேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தன் குழந்தைகளோடு சாப்பிடலாம். மறைந்த முகம் திரும்பி வந்துவிட்டது. எதிர்நின்றவனுக்கு இருந்த ஆபத்து மட்டும் திரும்பவில்லை. 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்ற பழைய சமாதானமும் இனிச் செல்லாது.

இப்போது இலக்கைத் தானே தேர்ந்து சுடும் கருவிகளைச் செய்கிறார்கள். அவற்றுக்குக் கோபம் கிடையாது என்கிறார்கள். இருக்கலாம், வெட்கமும் கிடையாதே! நெட்டிமையார் புகழ்வதற்கு ஒரு மன்னன் இருந்தான். அவனுடைய அறிவிப்புக்கும், அவன் கழுதை பூட்டி உழுததற்கும் அவனே பொறுப்பு. நாளை ஓர் இயந்திரம் தவறான வீட்டைத் தேர்ந்தெடுத்தால், அந்த வீட்டுத் தாய் யாரைப் பெயர் சொல்லிச் சபிப்பாள்?