அழைத்தவனைப் பிடிப்பது நியாயமா?

கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்து வீடு. பதினாறு வயதுப் பையன் பாயில் கிடந்து குறட்டை விடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். "படுக்கட்டும், விடிஞ்சா எழும்புவான்" என்று கூட்டாளிகள் போய்விடுகிறார்கள். உண்மையில் அது தூக்கமே இல்லை. குடு என்று நாம் சொல்லும் ஹெரோயினோ ட்ரமடோல் குளிசையோ உடம்பு தாங்கும் அளவைத் தாண்டினால், மூச்சை நடத்தும் மூளைப்பகுதி மந்தமாகிவிடும். குறட்டை விட்டுவிட்டு வரும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும். அந்த நேரத்தில் 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்காமல் வரும். நலொக்சோன் என்ற மாற்று மருந்து சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பும்.

இருந்தும் கை தொலைபேசிக்குப் போவதில்லை. பொலிஸ் பயம். 2023 டிசம்பர் 17இல் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிஸ் தொடங்கிய யுக்திய நடவடிக்கையில் சில வாரங்களுக்குள் பல்லாயிரம் பேர் கைதானதைப் பிள்ளைகளும் பார்த்தார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் அந்தப் பயத்தின் பெயர் மானம். வாசலில் அம்புலன்ஸ் நின்றால் அக்காவின் கல்யாணப் பேச்சு என்னாவது என்று கணக்குப் போட்டு, கதவை அடைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

இது நம் ஊர்ப் பயம் மட்டுமில்லை. 2019 நடுப்பகுதியிலிருந்து 2021 முடிவுவரை அமெரிக்காவில் போதைப்பொருள் மிகையால் இறந்த 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு மரணங்களில் அருகிலோ அடுத்த அறையிலோ யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். பெரும்பாலானோர் எதுவும் செய்யவில்லை.

சேர்ந்து பாவித்தவனே அழைத்தால் அவனைக் கைது செய்யலாமா? மன்னித்தால் சட்டத்தின் மீதான பயம் விட்டுப்போகும் என்பார்கள். குடுவுக்கு மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அப்படிச் சொன்னால் அவளுடன் வாதாட எனக்கு மனம் வராது. ஆனால் அவளுடைய கோபம் விற்றவன் மேல். அழைத்தவனைப் பிடித்தால் அடுத்த தோட்டத்துப் பையன் அழைக்கமாட்டான். அந்தக் கைதின் விலை இன்னொரு தாயின் பிள்ளை. நம் உறவினர் நிறைந்த கனடாவில் 2017இல் இதற்கென்றே சட்டம் வந்தது. உதவி கேட்டவர் மீதும், விழுந்து கிடப்பவர் மீதும், உடனிருந்தவர் மீதும் போதைப்பொருள் வைத்திருந்ததற்கு வழக்கில்லை. விற்றவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. விற்பவனையும் விழுந்தவனைத் தூக்குபவனையும் ஒரே கூண்டில் ஏற்றுவது நீதியாகாது. நம் பாராளுமன்றமும் இப்படியொரு பிரிவைச் சட்டத்தில் எழுதவேண்டும்.

அதுவரை காத்திருக்க விழுந்த பிள்ளைக்கு நேரமில்லை. தட்டியும் எழும்பாவிட்டால் 1990ஐ அழையுங்கள். மூச்சிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மூச்சில்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். என்ன எடுத்தான் என்பதை வருகிறவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.