இரவல் பலமும் இறைவன் தந்த அமானிதமும்

அல்லாஹு தஆலா நமக்கு அருளியிருக்கும் நிஃமத்துகளில் தேக ஆரோக்கியம் மிகப் பெரியது. அது நமக்குச் சொந்தமானதன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இந்தத் தேகத்தை எதில் தேய்த்தோம் என்று மறுமையில் விசாரிக்கப்படுவோம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

நமது மார்க்கம் பலத்தை வெறுக்கவில்லை. பலவீனமான முஃமினைவிடப் பலமுள்ள முஃமின் அல்லாஹ்வுக்கு உவப்பானவர் என்பது நபிமொழியின் கருத்து. ருகானா என்னும் பெயர்பெற்ற மல்லரை நாயகம் (ஸல்) அவர்கள் மல்யுத்தத்தில் வீழ்த்திய செய்தியும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியும் ஹதீஸ் கிரந்தங்களில் உள்ளன. ஆகவே, நம் பிள்ளை சுபுஹு தொழுதுவிட்டு ஓடினால், மல்யுத்தமோ ஜூடோவோ சிலம்பமோ பழகினால் நாம் மகிழத்தான் வேண்டும். முகத்தில் அடிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை மட்டும் அவன் மறந்துவிடக் கூடாது.

ஆனால் அந்தப் பிள்ளையின் பையில் ஓர் ஊசியும் மருந்துக் குப்பியும் இருந்தால்?

‘அனபாலிக் ஸ்டீராய்டு’ என்று அதைச் சொல்கிறார்கள். ஆணின் உடலில் இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் 1935ஆம் ஆண்டு ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டது. அதையும் அதன் சாயலில் பிறந்த மருந்துகளையும்தான் இன்று சில வாலிபர்கள் சதை திரளவும் அடி வலுக்கவும் ஏற்றிக்கொள்கிறார்கள். ஆஸ்துமாவுக்கு டாக்டர் தரும் ஸ்டீராய்டு வேறு; அதைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம். நோய்க்காக டாக்டர் அளவோடு தருவது மருந்து. நோயில்லாதவன் அளவு மீறி ஏற்றிக்கொள்வது வேறு சங்கதி.

“நான் தினமும் மூச்சிரைக்க ஓடுகிறேன், பயிற்சி செய்கிறேன், என் இதயத்துக்கு ஒன்றும் ஆகாது” என்று அவன் எண்ணலாம். இதுதான் பெரிய ஏமாற்றம். இந்த மருந்து இதயத்தின் சுவரைத் தடிக்கச் செய்து விறைப்பாக்குகிறது. நல்ல கொழுப்பைக் குறைத்து, கெட்ட கொழுப்பை ஏற்றுகிறது, இரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது, இரத்தத்தையே கெட்டியாக்குகிறது. போட்டிக்கு எடை குறைக்கவென்று வியர்வையை வடித்து, தண்ணீரையும் தவிர்த்தால் இரத்தம் இன்னும் கெட்டிப்படும். அந்த நிலையில் கடுமையாக ஓடுவது பரிகாரமாகாது. தவிக்கும் இதயத்தின் மீது மேலும் சுமை ஏற்றுவதாகும். நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாம் என்ற இறைக்கட்டளையை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டாமா?

வெளியிலிருந்து ஏற்ற ஏற்ற, உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். விரை சுருங்கும்; விந்தணு குறையும். பலசாலியென ஊர் மெச்சும் வாலிபன், நிக்காஹ் முடிந்தபின் பிள்ளையில்லாமல் ஏங்க நேரிடலாம். காரணம் அறியாத அந்தப் பெண் அல்லவா ஊராரின் பேச்சுக்கு ஆளாவாள்?

இதில் இன்னொரு பாவமும் உண்டு. 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கில் ஜேம்ஸ் டோனி என்ற குத்துச்சண்டை வீரர் ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் பெற்றார். பரிசோதனையில் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு தென்பட்டதால் வெற்றி ரத்தாயிற்று. பட்டம் ரூயிஸிடமே திரும்பியது. பட்டத்தைத் திருப்பித் தரலாம். எதிராளி வாங்கிய அடியை யாரால் திருப்பி எடுக்க முடியும்? ஓட்டப்பந்தயத்தில் ஏமாற்றினால் எதிராளிக்குப் பரிசு மட்டுமே போகும். சண்டையில் ஏமாற்றினால் அவன் உடலே சேதப்படும். இது மோசடி மட்டுமன்று, அநியாயமும்கூட.

மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் அல்லன், கோபத்தில் தன்னை அடக்குபவனே பலசாலி என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். இந்த மருந்தோ பலரிடம் அந்த அடக்கத்தைத்தான் முதலில் பறிக்கிறது. சாந்தமாயிருந்த பிள்ளை உம்மாவிடம் சீறுவதும், தங்கையை அடிக்கக் கை ஓங்குவதும் இதன் அடையாளமாக இருக்கக்கூடும்.

பெற்றோர்களே! அப்படிக் கண்டால் பிள்ளையை வீதியில் வைத்து ஏசாதீர்கள். இஷாவுக்குப் பின் தனியாக அழைத்து உட்கார வைத்துக் கேளுங்கள். திடீரென விட்டால் உடற்சோர்வும் மனச்சோர்வும் வாட்டும்; சொந்தச் சுரப்பு திரும்பச் சில மாதங்களோ, அதற்கு மேலுமோ ஆகலாம். ஆகவே டாக்டரிடம் அழைத்துச் சென்று உண்மையை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஊசியைப் பிறரோடு பகிர்ந்திருந்தால் மஞ்சள் காமாலைக் கிருமிக்கும் எய்ட்ஸ் கிருமிக்கும் இரத்தப் பரிசோதனை அவசியம். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. நம் வீட்டு வாசலும் அவனுக்குத் திறந்திருக்கட்டும்.

உழைத்துப் பெற்ற பலம் மெதுவாக வரும். ஆனால் அதில் பரக்கத் இருக்கும். அமானிதமாகப் பெற்ற தேகத்தை அமானிதமாகவே திருப்பி ஒப்படைக்க அல்லாஹ் நம் அனைவருக்கும், நம் பிள்ளைகளுக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.