திரை செத்தால் டிஸ்க்கும் செத்ததா?

எழும்பு பிள்ளை! அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கும் அந்தப் பழைய லப்டொப்பை இறக்கு. திரை உடைந்துவிட்டது, மதர்போர்ட் போய்விட்டது, இனி இது பழைய இரும்புக்குத்தான் என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். அந்தத் தீர்ப்பை ஏற்காதே. திரை போனாலும் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நல்லபடியே இருக்கும். நீயோ, காசு வந்ததும் எக்ஸ்டேர்னல் டிஸ்க் ஒன்று வாங்கலாம், வெளிநாட்டு மாமா அனுப்புவார் என்று காத்திருக்கிறாய். எத்தனை காலத்துக்கு? உன் படங்களுக்கும் பத்திரங்களுக்கும் காப்புப் பிரதி எடுக்க அந்தப் பழைய டிஸ்க்கே உதவும்.

பிரதி ஒன்று கையில் இருப்பதன் அருமையை வன்னிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2008, 2009 இல் போருக்குத் தப்பிக் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஓடிய சனம் வீட்டை விட்டது, மாட்டை விட்டது. ஒரு பையை மட்டும் பங்கருக்குள்ளும் அணைத்துக்கொண்டு கிடந்தது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, நாலைந்து படங்கள். பை தவறிப்போனவர்கள் தாங்கள் யார் என்று காட்டவே கந்தோர் கந்தோராக அலைந்தார்கள். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்களே, அந்தத் தாய்மார் கையில் ஏந்தியிருந்தது என்ன? பிள்ளையின் படம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீடு புகுந்தபோது கடதாசி என்ன பாடு பட்டது என்பதும் உனக்குத் தெரியும்.

உன் வீட்டுப் படங்களின், உறுதியின் பிரதி இன்றைக்கு எங்கே இருக்கிறது? உன் கைத்தொலைபேசியில் மட்டும்! கிணற்றுக்குள் அது ஒருமுறை விழுந்தால் கதை முடிந்தது.

"இதெல்லாம் எனக்கு விளங்காது" என்று சொல்லாதே. தோட்டத்து வாட்டர் பம்பைக் கழற்றிப் பூட்டும் ஊரில் நாலு ஸ்க்ரூவுக்கு ஏன் நடுக்கம்? மின்சாரத்தைத் துண்டி, பற்றரியைக் கழற்று, அடிமூடியைத் திற. உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி இருக்கும்; அதுதான் 2.5 அங்குல சாட்டா டிஸ்க். நீ காசு கொடுத்து வாங்க வேண்டியது அதற்கான யூ.எஸ்.பி. கேஸ் ஒன்றுதான், புது டிஸ்க்கின் விலையோடு பார்த்தால் அது சில்லறை. செருகும் வாய் ஒரு பக்கமாக மட்டுமே பொருந்தும், ஆகவே மாறிச் செருகிவிடுவேனோ என்ற பயம் வேண்டாம். யூ.எஸ்.பி. தரும் 5 வோல்ட்டே அதற்குப் போதும். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க் என்றால் 12 வோல்ட்டும் வேண்டும். தனி அடப்டரோடு வரும் கேஸைக் கேள். புதிய லப்டொப்புகளில் இருக்கும் எம்.2 வகைக்குக் கேஸ் வேறு. குழப்பமா? டிஸ்க்கைக் கையிலேயே கடைக்குக் கொண்டுபோ.

துணிச்சல் வேறு, அவசரம் வேறு. செருகியதும் "ஃபோர்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால், ஆம் என்று அமத்திவிடாதே. உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்துக்கு எடு. பிறகு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நலத்தைப் பார். மஞ்சளோ சிவப்போ காட்டினால், டிக் டிக் என்று சத்தம் வந்தால், அதை நம்பி ஒன்றையும் வைக்காதே. நல்லதென்று காட்டினாலும் பழைய டிஸ்க் பழைய டிஸ்க்தான். இரண்டாவது பிரதிக்கு அதை வைத்துக்கொள். ஒரே பிரதியை அதில் வைக்காதே.

வேலை முடிந்ததும் வயரைக் கழற்று. 2023 இல் இலங்கை அரசின் மின்னஞ்சல் முறைமைக்கு நடந்ததைக் கேள். கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்து, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் அழிந்தன. அமைச்சரவை அலுவலகத்துக்கும் அதே கதிதான். இணைப்பிலேயே இருந்த காப்புப் பிரதியையும் அது விடவில்லை. அரசாங்கத்திடம் இல்லாமற்போன கழற்றி வைத்த பிரதி உன் வீட்டு அலுமாரியில் இருக்க முடியும்! மின்னல், இடி நேரத்திலும் கழற்றி வைத்ததே தப்பும்.

இன்னொரு பிரதி உன் கூரைக்கு வெளியே இருக்கட்டும். கிளிநொச்சியில் இருந்தால் வவுனியா மாமா வீட்டில் வை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளை இனி எந்தப் பணம் கொடுத்தும் வாங்க முடியாது. யாரையும் பார்த்துக்கொண்டிராமல் 2005 இல் தன்னார்வலர்கள் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இன்று உலகமே அங்கே திறந்து வாசிக்கிறது. அவர்களால் முடிந்தது உன்னால் ஏன் முடியாது?

வருகிற சனிக்கிழமை ஸ்க்ரூ டிரைவரை எடு. முதல் வேலையாகக் காணி உறுதியைப் படம்பிடித்து ஏற்று. அன்று பின்னேரமே அம்மம்மாவிடம் ஆல்பத்தைக் கேட்டு வாங்கு. படத்தில் இருப்பவர்களின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்.