மணவினையும் கடனின்மையும்



பொருளுடைமை, அதனைத் துய்த்தல், கடனின்மை, குற்றமற்ற வாழ்வு என இல்லறத்தார்க்குரிய இன்பங்கள் நான்கென்று பகவன் புத்தர் அனாதபிண்டிகருக்கு அருளினார். இவற்றுள் மூன்றாவதை நம்மவர் பலர் ஒரே நாளில் இழந்துவிடுகின்றனர். அந்நாள் எது? தம் மக்களின் திருமண நாளேயாம்.

மல்லேஸ்வரம் சம்பிகே ரோட்டில் பூ வியாபாரம் செய்யும் உபாசகர் ஒருவர், மகள் மணத்திற்கென எழுதிய கணக்கேட்டுடன் நம்மிடம் வந்தார். முதல் வரி மண்டப வாடகை. கடைசி வரி ஐந்து லட்சம் ரூபாய் வட்டிக் கடன். “நாலு பேர் மெச்ச நடத்த வேண்டாமா, ஐயா?” என்றார். நாம் புதுப் பக்கம் திருப்பி, “கையிலுள்ளது எவ்வளவு?” என்று கேட்டோம். நான்கு லட்சம் என்றார்.

சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவன் உரைத்த நெறி யாது? பொருளை நான்கு கூறாக்கி, ஒரு கூற்றைத் துய்க்க. இரு கூறுகளைத் தொழிலில் இடுக. நான்காம் கூற்றை ஆபத்துக்கு வைக்க என்பதே. மணம் தொழிலன்று, ஆபத்துமன்று. ஆகவே அது முதற்கூற்றில் அடங்குதல் வேண்டும். உபாசகருக்கு அது ஒரு லட்சம்.

இலை ஒன்றுக்கு 250 ரூபாய் எனக் கொண்டால், அவர் எழுதிய 600 பேருக்கு உணவே 1,50,000 ஆகும். 150 பேரெனின் 37,500. ஆடைக்கும் சிறு பொன்னுக்கும் 35,000, இடத்திற்கு 15,000, அழைப்பிதழுக்கும் போக்குவரத்துக்கும் 2,500, எதிர்பாராச் செலவுக்கு 10,000. மொய்ப் பணத்தை வரவில் எழுத வேண்டா. வந்தால் அது மணமக்களின் சேமிப்பு.

“இது கஞ்சத்தனமாகாதா?” எனச் சிலர் வினவுவர். கோலியனாகிய தீகஜாணுவுக்குப் பகவன் போதித்தது சமவாழ்வு. வரவுக்கு மிஞ்சி இறைப்பதும், இருந்தும் உண்ணாமல் ஒடுங்குவதும் அதற்குப் புறம்பானவை. பெங்களூர்த் திருமணங்களில் ஆண்டுதோறும் 943 டன் உணவு வீணாவதாக, 2012இல் இந்நகர வேளாண் பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டனர். எறிந்த சோறு எவருக்குப் பெருமை?

நாம் மில்லில் தறி ஓட்டிய காலத்தில், தங்கையின் மணத்திற்காக ஆபத்துக்கு வைத்திருந்த பணத்தையும் செலவிட்டு, மேலும் கடன் வாங்கினோம். எழுநூறு பேர் உண்டனர். எட்டாம் மாதம் மில் மூடப்பட்டது. ஆறாண்டுகள் வட்டி கட்டினோம். நம் மகனின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. அவன் ஒரு நாளும் நம்மைக் குறை கூறியதில்லை. அதுவே நம்மை இன்றும் சுடுகின்றது.

எளிய மணம் இந்நாட்டுக்குப் புதிதன்று. கன்னடப் பெருங்கவிஞர் குவெம்பு, ‘மந்த்ர மாங்கல்ய’ என்னும் எளிய முறையிலேயே தம் மகனுக்கு 1966இல் மணம் முடித்தார். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, முப்பது நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் இருந்தால் பதிவாளர் முன்னிலையில் மணம் புரியலாம். வரதட்சணையோ 1961 முதல் சட்டப்படி குற்றம். அதைக் கேட்கும் வீட்டுக்கு ஏட்டில் வரியே வேண்டா, அச்சம்பந்தத்தையே விலக்குக.

அன்பர்களே! திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி இருவர் கைகோக்கக் கடன் தேவையில்லை. பூ வியாபாரி ஏட்டின் பழைய பக்கத்தைத் தம் கையாலேயே கிழித்தார். அவர் கடை இன்றும் திறந்திருக்கிறது.

யாவர்க்கும் மங்களம் உண்டாகுக!