கூடம் யாருடையது?

ஒருவருடைய பொழுதுபோக்கு அவருக்கு மட்டுமே உரியது. அவர் வாழும் இல்லமோ பலருக்கு உரியது. இவ்விரண்டும் மோதும் இடத்தில் நியாயம் எது என்பது, சிறிய வினாவாகத் தோன்றினும் சிந்திக்கத் தக்கதே.

கூடத்தை எவரும் ஒரே நாளில் கைப்பற்றுவதில்லை. மீன் வளர்க்க விரும்புபவர் முதலில் ஒரு சிறு கண்ணாடித் தொட்டியைக் கொண்டு வருகிறார். அடுத்த ஆண்டு அது பெரிய தொட்டியாகிறது. அதற்கொரு மேசை, மின் இணைப்பு, தீனி டப்பாக்கள், நீர் மாற்றும் வாளிகள் எனச் சுற்றம் பெருகுகிறது. பாய் விரித்துத் தொழுத இடம் சுருங்குகிறது. எந்தக் கட்டத்திலும் யாரும் ‘கூடாது’ என்று சொல்லவில்லை. எந்தக் கட்டத்திலும் யாரிடமும் கேட்கப்படவும் இல்லை. பிறர் மௌனம் சம்மதமாக வரவு வைக்கப்பட்டுவிடுகிறது.

மீன் தொட்டியைக் குறை கூறுவது எளிது. ஈடுபாடு உயர்ந்ததாக இருந்துவிட்டால்? ஹதீஸ் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான இமாம் இப்னு ஷிஹாப் அஸ்ஸுஹ்ரீ (ரஹ்) அவர்கள் (மறைவு: ஹிஜ்ரி 124) இல்லத்தில் அமர்ந்தால், நூல்களைத் தம்மைச் சுற்றிலும் பரப்பிக்கொண்டு உலகக் காரியங்கள் அனைத்தையும் மறந்துவிடுவாராம். இந்த நூல்கள் தமக்கு மூன்று சக்களத்திகளைவிடக் கடுமையானவை என்று ஒருநாள் அவர்தம் துணைவியார் ஆணையிட்டுக் கூறியதாக வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் எழுதுகிறார். நம்மவர் இதனை நகைச்சுவைத் துணுக்காகச் சொல்லிச் சிரிப்பதுண்டு. அவ்வம்மையார் தேர்ந்தெடுத்த சொல்லை நோக்குங்கள். சக்களத்தி என்பவள் பங்குக்கு உரியவள்; மனைவியர் பலர் உள்ள இடத்தில் ஒவ்வொருத்திக்கும் முறை நாள் உண்டு என்பது ஷரீஅத். நூல்களுக்கோ எல்லா நாள்களும் உரிமையாகிவிட்டன. அம்மையார் தம் முறையைக் கேட்டார். கணவர் கற்பதோ நபிமொழி. அதனை எதிர்த்து எந்த மனைவி எளிதில் வாய் திறப்பாள்? உயர்ந்த ஈடுபாட்டின் ஆபத்தே இதுதான். குறை சொல்பவரையே அது குற்றவாளியாக்கிவிடுகிறது.

நூலுக்கு இந்நிலை என்றால் தொழுகைக்கு? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இரவில் தொழும்போது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கிப்லாத் திசையில் கால் நீட்டிப் படுத்திருப்பார்கள். இடம் அவ்வளவு சிறியது, விளக்கும் இல்லை. ஸஜ்தாவுக்கு வரும்போது அண்ணலார் கையால் தொட்டு உணர்த்துவார்கள்; அன்னையார் கால்களை மடக்கிக்கொள்வார்கள். அண்ணலார் எழுந்து நின்றதும் மீண்டும் நீட்டிக்கொள்வார்கள். அன்னையாரே அறிவித்து, புகாரியில் இடம்பெற்ற செய்தி இது. படுத்திருப்பவரை அப்புறப்படுத்தாமல், நெற்றி படியும் அளவு இடத்தை, நெற்றி படியும் அளவு நேரத்துக்கு வாங்கிக்கொண்டு, உடனே திருப்பிக் கொடுத்த வணக்கம் அது!

அதே இல்லத்தில் பொழுதுபோக்குக்கும் இடம் இருந்தது. மாடம் ஒன்றில், திரைக்குப் பின்னால், அன்னையாரின் பொம்மைகள் இருந்தன. காற்றில் திரை விலகியது. துணி இறக்கை வைத்த குதிரையைக் கண்டு அண்ணலார் விசாரித்து, அன்னையாரின் மறுமொழி கேட்டுக் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம். ஆசைக்கு ஒரு மாடம், ஒரு திரை.

நம் கூடங்களில் நடப்பது வேறு. இங்கே சம்பாதிப்பவரின் ஆசைக்கே கூடம் கிடைக்கிறது. விருந்தாளியின் குரல் கேட்டதும் மனைவியின் தையல் இயந்திரம் அடுப்படிக்கு நகர்கிறது; கணவரின் ஒலிபெருக்கிப் பெட்டிகள் நகர்வதில்லை. ‘என் வீட்டில் நான் யாரைக் கேட்க வேண்டும்?’ என்பார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமகன் பெண்வீட்டில் குடியேறுவதே வழக்கம். (அங்கும் கூடம் யார் வசம் என்று கேட்டுப் பாருங்கள்!) பங்கு பிரிக்கப்படாத கூட்டுடைமையில், ஒரு பங்காளி மற்றவருக்குத் தீங்கு நேரும்படி நடந்துகொள்ளலாகாது என்பது ஃபிக்ஹு நூலார் முடிவு. சொத்துக்குத் தரும் அந்த மதிப்பை, உடன் வாழ்பவர் கால் நீட்டும் உரிமைக்கும் தரலாமே.

இதனைப் பேச வேண்டிய நேரம், பொருள் வாசற்படி தாண்டும் முன்பே. தாண்டிய பின், கொடுத்த விலையும் வளர்ந்த பாசமும் பழக்கமும் அதற்காக வாதாடத் தொடங்கிவிடும். தேர்வுக்குப் படிக்கும் மகள் அடுப்படி வாசலில் புத்தகத்தை மடியில் வைத்து அமர்ந்திருப்பாள். ஏனம்மா இங்கே என்று கேட்டால், “இங்கேதான் காற்று வருகிறது வாப்பா” என்பாள்.